கல்லூரி வாசலில் நம் பிள்ளைகள்
நாஞ்சில் நாட்டு வரலாறு பெற்றோர்க்குச் சொல்லும் பாடம்

ஆனி மாதம் பிறந்தால் நாஞ்சில் நாட்டில் மழை தூறிக்கொண்டே இருக்கும். வயல்களில் கன்னிப்பூப் பயிர் பச்சை கட்டி நிற்கும். கல்லூரிகள் திறப்பதும் அந்நாட்களில்தான். இடலாக்குடி, தக்கலை, திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம் என்று நம் மக்கள் வாழும் ஊர்களிலெல்லாம், பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் புதுப் பையுடன் பேருந்துக்குக் காத்து நிற்பதைக் காண்கிறோம். வாசற்படியில் நின்று உம்மா துஆச் செய்து அனுப்புகிறார். வளைகுடா நாட்டிலிருந்து வாப்பா தொலைபேசியில் அறிவுரை கூறுகிறார். கட்டணம் கட்டியாயிற்று, விடுதியில் இடமும் கிடைத்தாயிற்று, இனிப் படிக்க வேண்டியது பிள்ளையின் பொறுப்பு என்று பெற்றோர் ஆறுதல் மூச்சு விடுகின்றனர்.

ஆனால், பெற்றோரின் பொறுப்பு அத்துடன் முடிந்துவிடுகிறதா? பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் இருந்த பிள்ளை கல்லூரியில் ஆறே மாதத்தில் சோர்ந்துபோய், "எனக்குப் படிப்பு வேண்டாம்" என்று வீடு திரும்புவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அறிவுக் குறைவால் இவ்வாறு நேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே ஓர் ஓடை இருக்கிறது. அதைத் தாண்டும்போது கை கொடுப்பார் இல்லாமையே பெரும்பாலும் காரணம். அந்த ஓடை நம் மாவட்டத்தில் எவ்வாறெல்லாம் இருந்தது, முன்னோர் அதை எவ்வாறு கடந்தனர் என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்பது இன்றைய பெற்றோர்க்குப் பயன் தரும் என எண்ணுகிறோம்.

வாசல் திறந்த கதை

தென் திருவிதாங்கூரில் ஆங்கிலக் கல்வியின் வித்து மயிலாடியில் விழுந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1809-இல் அங்கே தொடங்கிய பள்ளி, பின்னர் மீட் என்பாரின் காலத்தில் நாகர்கோவிலுக்கு மாறியது. அதுவே வளர்ந்து 1893-இல் இரண்டாம் நிலைக் கல்லூரியாகி, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி என்ற பெயருடன் இன்றும் விளங்குகிறது. இரண்டாம் நிலைக் கல்லூரி என்றால் இரண்டாண்டுப் படிப்பு மட்டுமே அங்கு உண்டு என்பது பொருள். பட்டம் பெற விரும்பியவர் அதன்பின் வெளியூர் செல்ல வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்தில் 1866-இல் கல்லூரியாக உயர்ந்த மகாராஜா கல்லூரியே நாஞ்சில் நாட்டார்க்கு அணுக்கமான பெரிய கல்விக்கூடமாக இருந்தது.

நாகர்கோவிலில் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952-இல் எழுந்தது. 1956 நவம்பர் முதல் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. அதன்பின் கல்லூரிகள் பெருகின. இன்று நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி என வழங்குவது மார்த்தாண்டத்தில் 1964-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டில் அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா கல்லூரியும், நாகர்கோவிலில் மகளிர்க்கெனத் திருச்சிலுவைக் கல்லூரியும் தோன்றின. திருவிதாங்கோட்டில் முஸ்லிம் கலைக் கல்லூரியும், குமாரகோவிலில் 1989-இல் நூருல் இஸ்லாம் பொறியியற் கல்லூரியும் நம் சமுதாயத்தின் முயற்சியால் உருவாயின.

தமிழக முஸ்லிம்கள் கல்லூரி அமைப்பதில் முற்றிலும் பிந்தியவர்கள் அல்லர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலேயே தோன்றியது. சென்னையில் புதுக் கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் 1951-இல் பிறந்தன. பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971-இல் தொடங்கிற்று. எனினும் கல்லூரி கட்டுவது ஒன்று, பிள்ளையை அங்கே அனுப்பிக் கரை சேர்ப்பது மற்றொன்று. ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்ற அச்சம் ஒரு காலத்தில் நம் கரையோர ஊர்களை ஆட்டிப்படைத்தது. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் 1988-இல் வெளியிட்ட 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' என்னும் நாவல், ஊருக்குப் பள்ளிக்கூடம் வருவதையே எதிர்த்த அந்த மனநிலையைக் கண்ணாடிபோல் காட்டுகிறது. அத்தகைய ஊர்களிலிருந்து இன்று பெண்மக்கள் பட்ட வகுப்புக்குப் போகின்றனர் என்றால், இடையில் வந்த தலைமுறைகள் எவ்வளவு தொலைவு நடந்திருக்க வேண்டும்!

மொழி என்னும் முதற்படி

கல்லூரியில் நுழையும் பிள்ளையை முதலில் மிரட்டுவது மொழி. தமிழ்வழியில் பயின்றவர் முன்னே ஆங்கிலப் பாடநூல் மலைபோல் நிற்கிறது. இந்தத் துன்பம் நம் மாவட்டத்துக்குப் புதிதன்று.

சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை அறியாத முஸ்லிம் இல்லம் நாஞ்சில் நாட்டில் இராது. 1874-இல் இடலாக்குடியில் பிறந்த அப்பெருமகனார் பள்ளியில் பயின்றது மலையாளம். அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தமையே அதற்குக் காரணம். பின்னர்க் கோட்டாற்றுச் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தமிழ் கற்றார். சென்னை சென்று பதிப்புப் பணியில் ஈடுபட்டார். 1907 மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செய்திகளை ஒருங்கே மனத்தில் நிறுத்தும் சதாவதானத்தை நிகழ்த்திக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 32. சீறாப்புராணத்துக்கு உரை கண்டவரும் அவரே. இந்திய அஞ்சல் துறை 2008-இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

தோப்பில் மீரானும் மலையாள வழியில் பள்ளிக் கல்வி பெற்றவரே. அவருடைய 'சாய்வு நாற்காலி' 1997-இல் தமிழுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. பள்ளியில் ஒரு மொழி, வாழ்க்கையில் மற்றொரு மொழி என்ற நிலையில் இருந்தோர் இவ்விருவரும். இரண்டாம் மொழியில் இவர்கள் எய்திய உயரம் நம் கண்முன் நிற்கிறது. ஆங்கிலம் புரியவில்லை என்று கலங்கும் பிள்ளைக்கு இவ்வரலாற்றைச் சொல்ல வேண்டும். பாவலருக்கு ஓர் அண்ணாவியார் கிடைத்தார் என்பதையும் மறவாமல் சொல்ல வேண்டும். தனியே தவித்து மொழி கற்பவர் சிலரே. கேட்டால் சொல்லித் தரும் ஒருவரைத் தேடிக்கொள்வதே நேர்வழி.

வகுப்பின் பெயர் மாறிற்று, தயக்கம் மாறவில்லை

முதற்படியின் பெயர் காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. நம் பாட்டனார் காலத்தில் அது எஃப்.ஏ. வகுப்பு. பிறகு இன்டர்மீடியட் என்றானது. 1950-களின் பிற்பகுதியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது. பதினோராம் வகுப்பில் பள்ளியிறுதித் தேர்வெழுதிய பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை நேரே கல்லூரியில் போய் நின்றான். அவன் வெளியூர் விடுதியின் புதுச் சூழலையும் ஆங்கிலப் பாடத்தையும் பழகி முடிக்குமுன் ஓராண்டு ஓடிவிடும், பல்கலைக்கழகத் தேர்வு வாசலில் நிற்கும். 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்து, புகுமுக வகுப்பு மறைந்தது. இன்று பிள்ளைகள் பதினேழு வயதில் கல்லூரி புகுகின்றனர். முதிர்ச்சி சற்றே கூடியிருக்கிறது. ஆயினும் முதற்பருவத்தின் திகைப்பு அப்படியே இருக்கிறது.

பயணமும் அன்று எளிதன்று. நாகர்கோவிலுக்கு இரயில் வந்ததே 1979-இல். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரையிலான பாதை அவ்வாண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது. திருநெல்வேலியுடன் இணைப்பு 1981 ஏப்ரலில்தான் கிடைத்தது. அதற்குமுன் திருச்சிக்கோ சென்னைக்கோ படிக்கப் போகிறவர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பேருந்தில் திருநெல்வேலி சென்று, அங்கே இரயில் ஏறவேண்டும்.

நாம் புகுமுக வகுப்புக்குச் சென்றதும் அவ்வழியேதான். ஆண்டு 1976. தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளும் உம்மா கட்டித் தந்த நார்த்தங்காய் ஊறுகாயும் எம்முடன் வந்தன. வாப்பா துணிக்கடை வைத்திருந்தார். அரபுத் தமிழும் தமிழும் படிப்பார், ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியார். முதல் மாதத் தேர்வில் வேதியியலில் தோற்றோம். அச்செய்தியை மறைத்துக் கடிதம் எழுதினோம். கடிதத்தின் நடையே காட்டிக்கொடுத்ததோ என்னவோ, அடுத்த வெள்ளிக்கிழமை விடியலில் வாப்பா விடுதி வாசலில் வந்து நின்றார். திட்டுவார் என்று நடுங்கினோம். ஜும்ஆத் தொழுதுவிட்டு மரத்தடியில் அமர்ந்தபின் அவர் கேட்டது இவ்வளவுதான்: "மக்களே, அந்தப் பாடத்துல என்னதான் சொல்லுகான்? எனக்கு விளங்குத மாதிரி ஒண்ணு சொல்லு பாப்போம்."

சொல்ல முயன்றோம், சொல்ல வரவில்லை. எமக்கே விளங்கவில்லை என்பது அப்போதுதான் எமக்குத் தெரிந்தது. "செரி, சாரிட்ட கேட்டுப் படிச்சு எனக்கு எழுது" என்று சொல்லிவிட்டு மாலை வண்டிக்குப் போய்விட்டார். அன்றுமுதல் வாரம் ஒரு கடிதம், அதில் ஒரு பாடத்தின் சாரம் தமிழில். வாப்பாவின் மறுமொழி அஞ்சலட்டையில் வரும். "உப்பு கரைந்தால் எங்கே போகிறது என்று நீ எழுதியது விளங்கவில்லை, மறுபடி எழுதுக" என்று ஒருமுறை எழுதியிருந்தார். அதை விளக்க ஆசிரியரிடம் இருமுறை போய் நின்றோம். ஆண்டிறுதித் தேர்வில் தேறினோம். அவர் காலமான பின் கடைப் பெட்டியைத் திறந்தபோது, எம் கடிதங்கள் ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கக் கண்டோம்.

பெற்றோர் செய்யத்தக்கவை

எம் பிள்ளை படிக்கும் படிப்பு எமக்குத் தெரியாது, நாங்கள் என்ன உதவி செய்ய முடியும் என்று கேட்கும் பெற்றோர்க்கு எம் வாப்பாவின் அஞ்சலட்டையே விடை. கேட்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. இன்று கைப்பேசி இருக்கிறது, நாள்தோறும் பேசுகிறோம். ஆனால், சாப்பிட்டாயா, பணம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த வாரம் என்ன படித்தாய், எது விளங்கவில்லை, யாரிடம் கேட்டாய் என்று வாரம் ஒருமுறையேனும் கேட்க வேண்டும். விசாரணை செய்வதுபோல் கேட்டால் பிள்ளை மறைக்கும். அறிந்துகொள்ளும் ஆவலுடன் கேட்டால் மனம் திறக்கும்.

முதற்பருவத் தேர்வில் ஒரு பாடம் நிலுவை விழுந்தால் அதை முடிவாகக் கொள்ளலாகாது. 1970-களில் வளைகுடாக் கதவு திறந்த நாள்முதல் நம் இல்லங்களில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. பையன் ஒரு தேர்வில் தோற்றால், "படிப்பு ஏறவில்லை, விசா வந்திருக்கிறது, போகட்டும்" என்று காக்காமார் முடிவு கட்டிவிடுகின்றனர். வளைகுடாப் பணத்தால் குடும்பங்கள் நிமிர்ந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஆறு மாதத் தடுமாற்றத்தைக் காரணமாக்கி அனுப்பப்பட்டவர், பட்டம் இல்லாமையால் அங்கேயும் அடிநிலை வேலையிலேயே ஆண்டுகளைக் கழிப்பதைக் கண்டிருக்கிறோம். ஓராண்டு பொறுத்திருந்தால் அவர் வாழ்வு வேறாக இருந்திருக்கலாம்.

பெண்மக்கள் செய்தி இதனினும் கூர்மையானது. நல்ல இடம் வந்திருக்கிறது என்று முதலாண்டிலேயே நிக்காஹ் பேசி, படிப்பை நிறுத்திவிடும் இல்லங்கள் இன்றும் உண்டு. நாகர்கோவிலில் பெண்களுக்கான பள்ளி 1819-இலேயே தொடங்கியது. மகளிர் கல்லூரி வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இவ்வளவு காலம் காத்திருந்து திறந்த வாசலை மூன்றாண்டு காத்திருக்க மனமின்றி நாமே சாத்தலாமா? படிப்பு முடியும்வரை பொறுக்கும் இடமே நல்ல இடம் என்று பெற்றோர் துணிந்து சொல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றியும் பிள்ளையிடம் ஒளிக்க வேண்டாம். வீட்டின் வரவு செலவு தெரிந்த பிள்ளை சிக்கனம் கற்கும். கடன் வாங்கிக் கட்டிய கட்டணத்தைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தால், தோல்வியை மறைக்கவும் கற்கும். அரசு தரும் வாய்ப்புகளையும் அறிந்திருக்க வேண்டும். தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு 2007-இல் சட்டமாயிற்று. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. தக்க சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வைக்காமையால் வாய்ப்பை இழந்தோர் பலர். ஊர் ஜமாஅத்தில் படித்த இளைஞர் இருவர் இப்பொறுப்பை ஏற்றால், பள்ளிவாசல் திண்ணையிலேயே இவ்வுதவி கிடைத்துவிடும்.

புதிதாய் வந்தவரை மூத்த மாணவர் வதைக்கும் கொடுமையைத் தடுக்கத் தமிழகம் 1997-இலேயே தனிச் சட்டம் இயற்றியது. பிள்ளை திடீரென உணவைக் குறைத்தாலோ, விடுதிக்குத் திரும்ப அஞ்சினாலோ, "ஆண்பிள்ளை இதற்கெல்லாம் பயப்படலாமா" என்று அடக்கிவிடாமல் என்ன நடந்தது என்று கேட்டறிய வேண்டும். சேர்க்கை நாளன்று மட்டும் கல்லூரியைப் பார்த்தால் போதாது. பருவத்துக்கு ஒருமுறையேனும் சென்று வகுப்பாசிரியரையும் விடுதிக் காப்பாளரையும் கண்டு சலாமோ வணக்கமோ சொல்லி வருவது நல்லது. இப்பிள்ளைக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்பது அதனால் எல்லார்க்கும் தெரியும். எல்லார்க்கும் முன்பாக அப்பிள்ளைக்குத் தெரியும்.

மயிலாடியில் முளைத்த விதை மரமாகி இரு நூற்றாண்டு கடந்துவிட்டது. கல்லூரி இல்லை, வழி இல்லை, வண்டி இல்லை என்று நம் முன்னோர் சொன்ன காரணங்களுள் ஒன்றும் இன்று மிஞ்சவில்லை. இந்த ஆனியில் பேருந்து ஏறும் பிள்ளைக்கு மிஞ்சியிருக்கும் ஒரே குறை, அவன் தயங்கும் அந்த முதல் ஆறு மாதத்தில் பொறுமையுடன் பக்கத்தில் நிற்கும் ஓர் ஆள். அந்த ஆளாக நாம் இருப்போமாக.