கமுகும் காணியும்: மாத்தளை மனைத்தோட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மாத்தளை மாவட்டம் இருவேறு நிலப்பாங்குகளை உடையது. வடக்கே தம்புள்ளை, கலேவெலைப் பகுதிகள் குளங்களை நம்பிய வரள்நிலம். தெற்கே உக்குவளை, இறத்தோட்டை, யட்டவத்தைப் பகுதிகள் மலைமழை பெறும் ஈரநிலம். இத்தென்பகுதிக் கிராமங்களில் வீட்டைச் சூழ்ந்து கிடக்கும் காணியைச் சிங்கள மக்கள் ‘கெவத்த’ என்பர். வீட்டுத்தோட்டம் என்பது அதன் பொருள். பலா, தென்னை, கித்துள், மிளகு, கராம்பு, வாழை ஆகியன அடுக்கடுக்காக வளரும் அத்தோட்டத்தில், மிகக் குறைந்த நிலத்தை அடைத்துக்கொண்டு நெடிதுயர்ந்து நிற்பது கமுகு. தென்னை, கித்துள், தாளிப்பனை முதலிய ஏனைய பனையினங்களோடு ஒப்பிடின் அது மெலிந்த உடலினது. ஆயின், அது யாருடைய மனையில் நின்றது, யாருடைய மனையில் நிற்க இயலாது போயிற்று என்று வினவப் புகின், மாத்தளையின் காணியுரிமை வரலாறே கண்முன் விரிகின்றது.

பெயரும் இனமும்

மாத்தளையையும் பனையினத்தையும் சேர்த்து எண்ணுவோர்க்கு முதலில் நினைவு வருவது அலுவிகாரை. மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளைப் பாதையில் உள்ள அக்குகை விகாரையிலேயே, கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் காலத்தில், வாய்வழி வந்த பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. இலங்கையில் ஏடு தந்த மரம் தாளிப்பனை. பல்லாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒருமுறை பூத்துக் காய்த்து மடியும் அப்பெருமரம் அரசுக்கும் மடத்துக்கும் பயன்பட்டது. கமுகோ குடியானவனின் முற்றத்து மரம்.

கமுகின் பெயர் உலகிற் பரவிய வழியும் கருதற்பாலது. வெற்றிலையாகிய அடையுடன் உண்ணும் காய் ஆதலின் பாக்கு ‘அடைக்காய்’ எனப்பட்டது. மலையாளத்திலும் இதனையொத்த வடிவம் வழங்குகின்றது. போர்த்துக்கேயர் அதனை ‘அரெக்கா’ என ஒலித்தனர். 1753இல் வெளிவந்த தமது தாவர நூலில் லின்னேயசு அப்பெயரையே கமுகின் பேரினப் பெயராக அமைத்தார். இன்று நகர வீடுகளின் விறாந்தைகளிற் பூச்சாடியில் வளர்க்கப்படும் ‘அரிக்காப் பனை’ இக்கமுகு அன்று. மடகஸ்கார்த் தீவைத் தாயகமாகக் கொண்ட வேறோர் இனம். பெயர் தமிழ், மலையாள நிலத்தது. செடி அயல் தீவினது.

கன்று பேணும் முறை

பனையினத் தாவரங்கட்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. மா, பலா போன்றவற்றின் அடிமரம் ஆண்டுதோறும் பருமனடையும். கமுகின் தண்டு அவ்வாறன்று. இளங்கன்றாக நிலத்தோடு நிற்கும் காலத்திலேயே அது தன் பருமனைத் தேடிக்கொண்டு, பின்னரே மேலெழுகின்றது. அதற்கு வளர்முனையும் ஒன்றே. குருத்து அழிந்தால் மரம் இல்லை. எனவே முதற் சில ஆண்டுகளிற் கன்றுக்கு நேரும் குறையைப் பிற்காலத்து உரமும் நீரும் முற்றாக ஈடுசெய்யமாட்டா.

இதனாலேயே கமுகு வளர்ப்போர் கன்றுப் பருவத்திற் பெருங் கவனம் செலுத்துவர். நன்கு காய்க்கும் நடுவயது மரத்தின் முற்றிப் பழுத்த பாக்கை விதைக்கெனத் தெரிந்து, காம்புப்புறம் மேலாக இருக்குமாறு நிழலிட்ட பாத்தியில் ஊன்றுவர். ஒன்றரை முதல் மூன்று மாதங்களில் முளை வெளிவரும். ஓராண்டு, ஒன்றரையாண்டு பேணியபின், மழை தொடங்குங் காலத்திற் குழியில் நடுவர். நீர் வேண்டும், ஆயினும் அடியில் நீர் தேங்கலாகாது. தெற்கிலும் மேற்கிலும் இருந்து சாயும் வெயில் இளந்தண்டைக் கருக்கிவிடும் என்பதால், அத்திசைகளில் வாழை நிற்பது நன்று. வேரடியில் தழையும் சருகும் இட்டு ஈரம் காத்தல் வேண்டும். இவ்வாறு பேணப்பட்ட கன்று முதற் பாளை விடுவதற்கு நட்டபின் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பயன் தரும்.

எனவே, கமுகு நடுபவனிடம் ஓர் உறுதி இருத்தல் வேண்டும். ஏழாண்டுகளின் பின்னரும் அதே நிலத்தில் தான் இருப்பான், அல்லது தன் மக்கள் இருப்பர் என்பதே அவ்வுறுதி. அது யார் யார்க்கு வாய்த்தது என்பதை வரலாறு காட்டுகின்றது.

கண்டியரசுக் காலம்

1660 முதல் 1679 வரை கண்டியரசிற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிற் கமுகு பற்றி விரிவாகக் கூறியுள்ளார். அவர் தரும் செய்திகளுள் இரண்டு இங்கு முக்கியமானவை. கமுகுகள் ஊர்களுள் காடுபோல் அடர்ந்து நின்றன. ஒருவன் மரங்களை மற்றவன் மரங்களினின்று பிரிக்க வேலியில்லை. பெருமரம், மேடு, பாறை ஆகியவற்றையே எல்லையாகக் கொண்டு தத்தம் மரங்களை அவரவர் அறிந்திருந்தனர் என்பது ஒன்று. மக்கள் அவற்றை முனைந்து நடுவதில்லை. பழுத்து வீழ்ந்த பாக்குத் தானே முளைத்து மரமாகும் என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தியைக் கொண்டு அக்காலத்தார் கமுகைப் பேணவில்லை என முடிவு செய்தல் பொருந்தாது. தாமாக முளைத்த கன்றுகளில் எதனை விடுவது, எதனை அகற்றுவது என்று தெரிவதும் பேணலே. கிராமத்தவர்க்கு நிழலும் ஈரமும் அத்தோட்டத்தின் அமைப்பிலேயே கிடைத்தன.

பாக்கு அக்காலத்தில் மலைநாட்டின் முதன்மையான வணிகப் பண்டங்களுள் ஒன்று. சோழமண்டலக் கரைக்கு அது பெருமளவிற் சென்றது. மாற்றாகத் துணியும் பிறபொருளும் வந்தன. தமிழ் வணிகரும் முஸ்லிம் வணிகரும் இவ்வாணிகத்தில் ஈடுபட்டிருந்தனர். 1658இற் போர்த்துக்கேயரை அகற்றிய ஒல்லாந்தர், அடுத்த பத்தாண்டுக் காலத்திற் கிழக்குத் துறைகளையும் கைப்பற்றிப் பாக்கு வாணிகத்தைத் தம் தனியுரிமை ஆக்கினர். கண்டியரசுக்கும் ஒல்லாந்தர்க்கும் இடையே நீடித்த பூசல்களுக்கு இத்துறைமுக அடைப்பும் ஒரு காரணமாயிற்று. ஒல்லாந்தர் ஆட்சியைத் தம் நூலில் ஆராய்ந்த பேராசிரியர் சி. அரசரத்தினம் இப்பொருளியற் பின்னணிக்கு உரிய இடமளித்துள்ளார். வீட்டு முற்றத்தில் உதிர்ந்த பாக்கு இரு அரசுகளின் பூசலுக்குக் காரணமான பொருளாயிற்று.

வேலியற்ற உரிமையும் எழுதிய உரிமையும்

1815இற் கண்டியரசு பிரித்தானியர் வசமாயிற்று. நொக்ஸ் கண்ட எல்லைகள் பாறையும் பெருமரமும். புதிய ஆட்சி வேண்டிய எல்லைகளோ நில அளவையும் பத்திரமும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடு, தரிசு, குடியிருப்போ பயிரோ அற்ற நிலம் ஆகியன மறுப்பு நிறுவப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. கண்டிப் பிரதேசத்துச் சேனை நிலங்கட்கு உரிமை கோருவோர் அரச சாசனத்தையோ வரி செலுத்தியமைக்கான சான்றையோ காட்டவேண்டியிருந்தது. அச்சட்டம் வீட்டைச் சூழ்ந்த கமுகந்தோட்டத்தை நேரே பறிக்கவில்லை. சேனையையும் காட்டையுமே பெரிதும் தாக்கியது. ஆயினும் மனைத்தோட்டம், வயல், சேனை, காடு ஆகிய நான்கும் ஒருங்கிணைந்தே கிராம வாழ்வு நடந்தது. அவற்றுள் இரண்டு கைநழுவ, எஞ்சியவற்றின் மேற் சுமை ஏறிற்று.

முடிக்குரியதாக்கப்பட்ட நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. 1848இல் ஆளுநர் டொரிங்டனின் ஆட்சியில் துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின் மீது விதிக்கப்பட்ட வரிகளும், வீதி வேலைக்கான கட்டாய உழைப்பும் மக்களைக் கொதிப்பித்தன. அவ்வாண்டு யூலை மாத இறுதியில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டார். புரன் அப்பு தலைமையிற் சென்றோர் மாத்தளையைத் தாக்கினர். ஓகத்து 8ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். வரிகளே உடனடிக் காரணம் என்பது உண்மை. நிலம் கைமாறிய கசப்பு அதற்கு அடித்தளமாயிருந்தது என்பதும் மறுத்தற்கரியது.

லயமும் காணியும்

இக்காலத்திலேயே மாத்தளைக்கு மற்றொரு மக்கட் கூட்டம் வந்து சேர்ந்தது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வரள்காட்டு வழியாகத் தம்புள்ளை கடந்து மாத்தளையை அடைந்த தமிழ்த் தொழிலாளர், வழியிற் பசியாலும் கொள்ளை நோயாலும் பலரை இழந்தனர். மலைநாட்டுத் தோட்டங்கட்கு அவர்கள் சென்ற பாதையில் மாத்தளை ஒரு வாயிலாக விளங்கியது. அவர்தம் வழிபாட்டிலிருந்து வளர்ந்த முத்துமாரியம்மன் கோயில் இன்றும் மாசிமகத்தில் ஐந்து தேர்களுடன் விழாக் காண்கின்றது. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் கொக்கோ, தேயிலை, இறப்பர் ஆகியன அதன் இடத்தைப் பெற்றன. 1880இற் புகையிரதப் பாதை மாத்தளையை எட்டியது.

பயிர் மாறினும் தொழிலாளரின் குடியிருப்பு மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்களை வரிசையாகக் கொண்ட லயங்களே அவர்க்கு வீடு. கமுகும் வாழையும் மங்கலமெனக் கருதும் மரபிலே வந்தவர்கள் அவர்கள்; வெற்றிலை பாக்கு இன்றி அவர்கள் வீட்டில் திருமணப் பேச்சுத் தொடங்குவதில்லை. ஆயினும் பாக்கை அவர்களுட் பெரும்பாலோர் கடையிலும் கிராமத்தவரிடமும் வாங்கினர். லயத்தின் ஓரத்திற் கீரையும் மரக்கறியும் பயிரிடலாம். அவை சில மாதங்களிற் பலன் தருவன. ஏழாண்டு காத்திருக்க வேண்டிய மரத்தை நடுதற்கு வேண்டிய நிலவுறுதி அங்கு இல்லை. நிலம் தோட்டத்துக்குரியது, வேலை போயின் காம்பராவும் போகும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோர் பற்றிய முடிவு 1974இல் எட்டப்பட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் கைமாறியபோது, மாத்தளை உள்ளிட்ட பகுதிகளிற் பலர் வேலையும் உறைவிடமும் இழந்தனர். 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் மேலும் பலரை வடக்கு நோக்கிப் பெயரச் செய்தன. இவ்வாறு பெயர்ந்துகொண்டே இருந்தோரிடம் மரம் நடுக என்று யாரும் கூறியிருக்க முடியாது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

இன்றைய நிலை

பாக்கின் பெருமையை ஐயமின்றிப் பேசும் காலம் இதுவன்று. பாக்கு மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதி உறுதிசெய்தது. புகையிலையுடன் சேர்த்து மெல்லும் வழக்கம் தோட்ட மக்களிடையே வாய்ப்புற்றுநோய்க்கு ஏதுவாக உள்ளது. எனவே கமுகின் வரலாற்றை அறிதல் வேறு, பாக்கு மெல்லுதலைப் போற்றுதல் வேறு. மரத்தின் பயனும் பாக்கோடு முடிந்துவிடுவதில்லை. அதன் தண்டிலே மிளகுக் கொடி ஏறுகின்றது. தண்டு கூரைக்கு உதவுகின்றது. மட்டை பொதி கட்டவும் தட்டுச் செய்யவும் பயன்படுகின்றது.

2010களின் நடுப்பகுதி முதல், தோட்டக் குடும்பங்கட்கு 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு வழங்கும் திட்டம் செயற்படத் தொடங்கியது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு அமைத்தபின் எஞ்சும் நிலத்திற் பலாவுக்கோ தென்னைக்கோ இடம் சுருக்கமே. ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இரண்டே முக்கால் மீற்றர் இடைவெளி போதுமான கமுகாயின், வேலியோரம் பத்து மரங்களையேனும் நிறுத்தலாம். லயங்களில் இன்னும் வாழ்வோர் பலர். அவர்க்கு அந்த வேலியோரமும் வாய்க்கவில்லை.

பூச்சாடியில் வளரும் பனையைக் குடிபெயர்வோர் தம்முடன் எடுத்துச் செல்லலாம். நிலத்தில் ஊன்றிய கமுகை அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது. மாத்தளைக் கிராமத்தவன் வேலியின்றியும் தன் மரத்தை அறிந்திருந்தான். அவனருகே நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்த தோட்டத் தொழிலாளிக்கு அறிந்துகொள்ள ஒரு மரம் இருக்கவில்லை. காணியுரிமை பற்றிய ஆய்வுகள் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் எண்ணுவதோடு, வீட்டு முற்றத்து மரங்களின் வயதையும் கணக்கிடுமாயின், ஒரு சமூகம் எந்த ஆண்டில் உண்மையாகக் குடியமர்ந்தது என்பதை மேலுந் தெளிவாக அறியலாம்.