மூச்சுக் கருவியும் செவிலியர் பயிற்சியும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்குப் பெங்களூரின் ஜாலஹள்ளியைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. உற்றார் ஒருவரேனும் அங்குள்ள தொழிற்சாலைகளில் பணிபுரிந்திருப்பர். அவற்றுள் ஒன்றான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954-ஆம் ஆண்டில் தோன்றியது. படைகளுக்கு வேண்டிய ரேடார், செய்தித் தொடர்புக் கருவி முதலியவற்றைச் செய்து வந்த அந்நிறுவனத்துக்கு 2020-இல் முற்றிலும் வேறான ஒரு பணி வந்து சேர்ந்தது. கொரோனா நோய் பரவிய அவ்வாண்டில் 30,000 செயற்கைச் சுவாசக் கருவிகளை, அதாவது வென்டிலேட்டர் என்று இன்று யாவரும் வழங்கும் கருவிகளை, செய்து தருமாறு மத்திய அரசு பணித்தது. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் பெங்களூர்ச் சோதனைக்கூடமும் மைசூரின் ஸ்கான்ரே நிறுவனமும் துணை நின்றன. ரேடார் செய்த கைகள் சில மாதங்களில் அவ்வேலையை முடித்தன. போற்றத்தக்க செயலே அது.

அவ்வாண்டு மே 13-ஆம் நாள் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 3,100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 50,000 கருவிகளுக்கு 2,000 கோடி. புலம்பெயர்ந்த தொழிலாளருக்கு 1,000 கோடி. தடுப்பு மருந்து ஆராய்ச்சிக்கு 100 கோடி. கருவியருகே நிற்கப்போகும் செவிலியரின் பயிற்சிக்கென அவ்வொதுக்கீட்டில் தனித்தலைப்பு ஏதும் இல்லை. பயிற்சி அறவே இல்லாமற் போயிற்று என்று நாம் கூறவில்லை. ஏப்ரல் மாதத்திலேயே அரசு கணிப்பொறி வழிப் பாடங்களைத் தொடங்கியது. சுவாசக் கருவியைப் பற்றிய பாடமும் அவற்றில் இருந்தது. ஆனால், திரையில் பார்த்து நீந்தப் பழகியவர் எவரேனும் உண்டா?

இக்கருவி கேட்கும் அறிவு எத்தகையது என்பதைச் சற்றுப் பார்ப்போம். நோயாளியின் உடல் எடையைக் கொண்டு காற்றின் அளவை முடிவு செய்வதே முறை என்று நமக்குத் தோன்றும். பார்க்க வேண்டியதோ உயரத்தை. உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. உயரத்திலிருந்து கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் என்ற அளவே நலிந்த நுரையீரலுக்கு ஏற்றது என்பதை 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு நிலைநாட்டியது. அளவை விதிப்பவர் மருத்துவர். இரவு இரண்டு மணிக்குக் கட்டிலருகே நிற்பவர் செவிலி. அழுத்தம் கூடிவிட்டது என்று எச்சரிக்கை மணி ஒலித்தால், குழாய் மடங்கியிருக்கலாம், சளி அடைத்திருக்கலாம், நோயாளி இருமியிருக்கலாம், அன்றி நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்து நெஞ்சறையில் தேங்கியிருக்கவும் கூடும். அழுத்தம் குறைந்தால் எங்கோ இணைப்புக் கழன்றிருக்கலாம். காரணம் விளங்காவிடில் கருவியினின்று நோயாளியைப் பிரித்துக் கைப்பையை அழுத்தி மூச்சுத் தர வேண்டும். சில நிமிடங்களுக்குள் இவ்வளவும் நடந்தாக வேண்டும். மணியை அடக்கும் பொத்தான் எங்கே உள்ளது என்பதை மட்டும் காட்டப்பெற்ற செவிலி அவ்வேளையில் என் செய்வார்?

அக்கைப்பையை மருத்துவமனைகளில் 'அம்பு பை' என்பர். தமிழ்ச் செவிக்கு அது வில்லின் அம்பாகவே ஒலிக்கும். உண்மையில் அது டென்மார்க்கு நாட்டிலிருந்து 1956-இல் வந்த பெயர். அந்நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில்தான் இவ்வரலாற்றின் முதல் ஏடு எழுதப்பட்டது.

1952-ஆம் ஆண்டு கோடையில் இளம்பிள்ளை வாதம் அந்நகரைத் தாக்கியது. மூச்சு நின்றுபோன நோயாளிகளுக்கென அங்கிருந்த தொற்றுநோய் மருத்துவமனையில் விரல்விட்டு எண்ணத்தக்க கருவிகளே இருந்தன. முதலில் அவற்றைக் கொண்டு சிகிச்சை பெற்ற 31 பேருள் 27 பேர் மாண்டனர். ஆகஸ்டு இறுதியில் பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருந்து நிபுணர் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாயைச் செலுத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அவளைப் பிழைக்க வைத்தார். பின்னர் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் பல வாரங்கள் பையை அழுத்தினர். கட்டிலுக்கு ஒருவர் வீதம் அமர்ந்தனர், செவிலியர் உடனிருந்தனர், நிபுணர்கள் சுற்றி வந்தனர். மரண விகிதம் பிற்பாடு கால் பங்களவுக்கு இறங்கியது. அம்மாணவர்கள் பெற்ற பயிற்சியும் சொற்பமே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் ஒரே நோயாளியைப் பார்த்தார். ஐயம் எழுந்தபோது கேட்பதற்கு ஆள் அருகில் இருந்தார்.

மற்றொரு நிகழ்ச்சி அமெரிக்காவில், பிலடெல்பியாவில். 1960-களின் தொடக்கத்தில் அங்குள்ள பிரெஸ்பிட்டீரியன் மருத்துவமனையில் இதயத் துடிப்பைத் திரையில் காட்டும் கருவி வந்தது. துடிப்புக் குலைந்தால் மருத்துவர் ஓடி வருவதற்குள் உயிர் போய்விடும் என்பதை லாரன்ஸ் மெல்ட்ஸர் என்ற மருத்துவர் கண்டார். ரோஸ் பின்னியோ என்ற செவிலியுடன் சேர்ந்து, துடிப்பின் கோடுகளைப் படிக்கவும் மின்னதிர்ச்சி கொடுக்கவும் செவிலியர்க்கு முறையாகக் கற்பித்தார். 1965-இல் செவிலியர்க்கென்றே ஒரு கைந்நூல் வெளியிட்டனர். கருவியோடு அதிகாரத்தையும் அறிவையும் சேர்த்துக் கொடுத்த செயல் அது.

நம் நாட்டிலும் இவ்வறிவுக்குக் குறைவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-இலேயே செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியை நிறுவினார். 1946-இல் போர் குழு அறிக்கை தந்தபோது 43,000 மக்களுக்கு ஒரு செவிலியே இருந்தார். அவ்வாண்டே வேலூரிலும் தில்லியிலும் பட்டப்படிப்புத் தொடங்கியது; மறு ஆண்டு இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் பிறந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்கு ஒரு செவிலி என்ற நெறியை வகுத்ததும் அம்மன்றமே. 2017 முதல் தீவிர சிகிச்சைக்கெனச் செவிலியர்க்கு ஈராண்டு மேற்படிப்பும் உண்டு. நெறியும் படிப்பும் ஏட்டில் இருந்தன. சம்பளப் பட்டியலைச் சுருக்க முனையும் நிருவாகத்துக்கு, நிரந்தரச் செவிலியும் அவருக்குப் பயிற்சி விடுப்பும் வீண் செலவாகவே பட்டன. கருவி ஒரு முறை வாங்குவது. செவிலியின் ஊதியமோ மாதந்தோறும் வருவது.

2021 மே மாதத்தில் இது வெளிப்பட்டது. பஞ்சாபின் பரீத்கோட்டு மருத்துவக் கல்லூரியில் பெங்களூர்க் கருவிகள் பழுது என்றார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் மறுத்தது: குழாயில் பிராணவாயு அழுத்தம் போதவில்லை, காற்றோட்ட உணரியும் வடிகட்டியும் காலத்தில் மாற்றப்படவில்லை என்றது. எத்தரப்புச் சரி என்ற வழக்கில் நாம் புக வேண்டாம். வடிகட்டியை எப்போது மாற்றுவது என்பதை அறிந்தவர் கருவியோடு கூடவே போய்ச் சேரவில்லை என்பது மட்டும் தெளிவு.

மே 15-ஆம் நாள், கருவிகள் எங்கெங்கே எவ்வாறு இயங்குகின்றன என்று தணிக்கை செய்யுமாறு பிரதமர் ஆணையிட்டார். தேவையாயின் சுகாதாரப் பணியாளர்க்கு 'ரெப்ரெஷர்' பயிற்சி அளிக்கவும் கூறினார். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் இச்சொல்லின்முன் சற்று நின்றுவிட்டோம். 'புத்தாக்கப் பயிற்சி' என்பது வழக்கிலுள்ள தமிழாக்கம். கற்றதைப் புதுப்பிப்பது என்று பொருள். முதற்கண் கற்பிக்கப்படாததைப் புதுப்பிப்பது எங்ஙனம்?

செலவைப் பற்றியும் இரண்டு எண்கள் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் கருநாடக அரசு தனியார் மருத்துவமனைகளுக்குக் கட்டண உச்சவரம்பு விதித்தது. நேரே சென்று சேரும் நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாளொன்றுக்கு 15,000 ரூபாய். சுவாசக் கருவியோடு 25,000 ரூபாய். இடையிலுள்ள 10,000 ரூபாய் கருவியின் பொருட்டு. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் 2016-இல் அமைந்த மத்தியக் குழு, 50 படுக்கைக்குட்பட்ட மருத்துவமனைகளில் செவிலியின் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. நிறைவேற்றும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. கருவி இரண்டு நாளில் ஈட்டும் தொகையும் செவிலி ஒரு மாதத்தில் பெறக் கேட்கப்பட்ட தொகையும் ஒன்றாகின்றன. அப்பத்தாயிரத்தில் பிராணவாயுவும் குழாய்களும் மருத்துவர் வருகையும் அடங்கும் என்று மருத்துவமனையார் கூறுவர், அது சரியே. செவிலியை ஒரு வாரம் பணியினின்று விடுவித்துக் கருவியைப் பழக்கும் செலவும் அதில் அடங்குமா என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.