தந்தி விலாசமும் குறுமுகவரியும்

தூத்துக்குடி கிரேட் காட்டன் சாலையின் பழைய வணிக நிலையங்களில், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பில் தாள்கள் சில இன்னும் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. தாளின் தலைப்பில் நிலையத்தின் பெயர், கதவு எண், தெரு, ஊர் எல்லாம் விரிவாக அச்சிடப்பட்டிருக்கும். ஓரத்தில் 'தந்தி' என்று போட்டு, அதன் பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருக்கும். அதுதான் அந்நிலையத்தின் தந்தி விலாசம். இன்று நம் கைபேசிக்கு நாள்தோறும் வந்து விழும் குறுமுகவரிகளுக்கு அந்த ஒற்றைச் சொல்லைப் பாட்டன் எனலாம்.

1870இல் இங்கிலாந்துக்கும் பம்பாய்க்கும் இடையே கடலடிக் கம்பி வழியாகத் தந்தித் தொடர்பு ஏற்பட்டது. 1876இல் தூத்துக்குடிக்கு இரயில் வந்தது. பருத்தியும் நிலாவாரை இலையும் இத்துறைமுகத்திலிருந்து கப்பலேறின. வெளிநாட்டுத் தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம். விலாசத்தில் உள்ள சொற்களும் அக்கணக்கில் சேர்ந்துவிடும். செய்தி நான்கு சொல், விலாசம் எட்டுச் சொல் என்றால் எந்த வணிகர் பொறுப்பார்? ஆகவே ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டி, தந்தி அலுவலகத்தில் ஒரு சொல்லைத் தம் பெயருக்குப் பதிவு செய்துகொண்டனர். அச்சொல்லும் ஊர்ப்பெயரும் மட்டும் தாங்கித் தந்தி வரும். எழுத்தர் பதிவேட்டைப் பார்த்து, அது யாருடையது என்று கண்டு, சேவகரிடம் கொடுத்தனுப்புவார். (பன்னாட்டுக் காவல் அமைப்பு 1946இல் தேர்ந்துகொண்ட தந்தி விலாசமே 'இன்டர்போல்'. பிற்பாடு அதுவே அமைப்பின் பெயராக நிலைத்துவிட்டது.)

இதில் கவனிக்க வேண்டியது அந்தப் பதிவேடு. பதிவேட்டை வைத்திருப்பவருக்கு யாருக்கு, எப்போது, எங்கிருந்து செய்தி வருகிறது என்பது தானே தெரிந்துவிடும். மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களில் வணிகர்கள் துணியால் கைகளை மூடிக்கொண்டு, விரல்களைத் தொட்டே விலை பேசியவர்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் விலை தெரியாது. அத்தகைய இரகசியத்துக்குப் பழகிய வணிக உலகம், தந்தி எழுத்தரின் கண்முன் எல்லாவற்றையும் திறந்து வைக்க விரும்புமா? 1870களில் வெளியான ஏ.பி.சி. குறியீட்டு நூல் போன்றவை இதற்கு உதவின. முழு வாக்கியத்துக்கு ஒரு சொல் என்பதால் காசும் மிச்சம், மறைவும் ஓரளவு கிட்டியது. சட்டமும் சும்மா இருக்கவில்லை. செய்தியை முறைகேடாக வெளியிடும் தந்தி ஊழியருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். இணைய முகவரிகள் நீண்டுகொண்டே போனபோது, மின்னஞ்சலில் அவை வரி முடிவில் உடைந்து பயனற்றுப் போயின. 2002இல் அமெரிக்காவின் கெவின் கில்பர்ட்சன் 'டைனியூஆர்எல்' சேவையைத் தொடங்கினார். செய்திக்கு 140 எழுத்தே என்று டுவிட்டர் வரையறுத்ததும் தேவை பெருகியது. 2008இல் 'பிட்லி', 2009இல் கூகுளின் சேவை என வரிசையாக வந்தன.

வேலை செய்யும் விதம் எளிது. குறுமுகவரியைத் தொட்டதும் நம் கைபேசி நேரே உரிய பக்கத்துக்குப் போவதில்லை. முதலில் சேவை நிறுவனத்தின் கணினியிடம் போகிறது. அக்கணினி தன் பதிவேட்டில் தேடி, 'நீ போக வேண்டிய இடம் இது' என்று நீண்ட முகவரியைத் திருப்பித் தருகிறது. அதன் பிறகே உண்மைப் பயணம். கண் இமைக்கும் நேரத்தில் இது முடிந்துவிடுவதால் நடுவில் ஒருவர் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. அதற்குள் அவருடைய ஏட்டில் நம் இணைய எண், நேரம், கைபேசியின் வகை, பெரும்பாலும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதும் பதிவாகிவிடும். வணிக நிறுவனம் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறுமுகவரி அனுப்பினால், திறந்தவர் யார் என்று பெயரோடே அறியலாம். தந்தி எழுத்தரைக் கட்டுப்படுத்திய சட்டம் போன்ற ஒன்று இங்கே தாமதமாகத்தான் வந்தது. 2023இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் அறிவிக்கப்பட்டன.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண் 10, ஆக 62 குறிகள். ஐந்து இடங்களில் இவற்றை அமைத்தால் சுமார் 91.6 கோடி முகவரிகள். ஆறு இடங்களில் சுமார் 5,680 கோடி. நமக்கு மலைப்பு, கணினிக்கு அப்படியன்று. ஜியார்ஜியேவ், ஷ்மாட்டிகோவ் என்ற இரு ஆய்வாளர்கள் குறிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே பிறருடைய கோப்புகளையும், மருத்துவமனைகளுக்கு வழி தேடிய வரைபடங்களையும் கண்டெடுத்து, 2016இல் வெளியிட்டனர். அவர்கள் முன்கூட்டியே எச்சரித்ததால் கூகுள் தன் வரைபடக் குறிகளைப் பதினொன்று, பன்னிரண்டு இடங்களாக நீட்டியது. குறுக்குவதற்கென்று பிறந்தது நீள வேண்டியதாயிற்று!

போய்ச் சேருமிடம் வெளியே தெரியாததால் மோசடிக்காரர்களுக்கும் இது வசதி. பதிவு செய்யாத இணைய முகவரி தாங்கிய குறுஞ்செய்திகளைத் தடுக்கும் ஏற்பாடு நம் நாட்டில் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாட்ஸ்அப் வழி வருபவற்றை அது தொடாது.

ஏடு மூடப்பட்டால் பெயரும் இறந்துவிடும். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நின்றது. பில் தாளில் உள்ள சொற்கள் வெறும் சொற்களாயின. கூகுள் 2019இல் புதிய குறுமுகவரி தருவதை நிறுத்தி, நெடுநாள் எவரும் தொடாத பழையவற்றை 2025 ஆகஸ்டில் செயலிழக்கச் செய்தது.

சென்ற ஆண்டு ஆய்வகக் குறிப்புகளை என் மாணவர்களுக்கு அனுப்ப நானே ஒரு குறுமுகவரி உண்டாக்கினேன். மாலையில் சேவையின் பக்கத்தைத் திறந்தால், எத்தனை பேர், எந்த மணிக்கு, எந்த ஊரிலிருந்து திறந்தனர் என்று பட்டியலே இருந்தது. நான் அதைக் கேட்கவே இல்லை. எல்லாரும் உள்ளூர், ஒன்று மட்டும் திருப்பூர். காய்ச்சல் என்று விடுப்பு எழுதிய ஒரு மாணவரின் முகம் உடனே நினைவுக்கு வந்தது. பின்னலாடை வேலைக்குப் போயிருப்பாரோ என்று மனம் கணக்குப் போட்டது. மறுநாள் என் கைபேசியிலிருந்தே திறந்து பார்த்தேன். தூத்துக்குடியில் நின்றுகொண்டிருந்த என்னை அது சென்னை என்று காட்டியது. கைபேசி இணைப்புகளில் இணைய எண்ணை வைத்து ஊரைக் கணிப்பது அடிக்கடி பிழைபடும் என்பதை வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். அந்த மாணவர் அடுத்த வாரம் வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. குறிப்புகளை இப்போது நீண்ட முகவரியிலேயே அனுப்புகிறேன்.