0, 1, அப்புறம் 2, 3, 4...: ஒரு சென்னைக் கணக்கின் கதை

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் இருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வழியில் வருவது திருவானைக்காவல். சர் சி.வி. ராமன் பிறந்த ஊர் (1888, நவம்பர் 7). அவருக்கு நான்கு வயதாகும்போது, அப்பாவின் கல்லூரி வேலைக்காகக் குடும்பம் விசாகப்பட்டினம் போய்விட்டது. 1928-ல் ராமன் கண்டது என்ன? ஒரு மூலக்கூறின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. மூலக்கூறு அதிரும் நிலைகளுக்கு இடையே உள்ள ஆற்றல் வித்தியாசம்தான் அந்த நிற மாற்றம். அந்த நிலைகள் இரண்டோடு நின்றுவிடுவதில்லை, ஏணிப்படி மாதிரி மேலே மேலே போகும்.

இங்கேதான் ஒரு கேள்வி. இயற்கை இத்தனை படிகளை வைத்திருக்கும்போது, குவாண்டம் கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏன் 0, 1 என்று இரண்டே படிகளைச் சொல்கிறார்கள்? பழைய கம்ப்யூட்டரின் பழக்கதோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு நிலை என்றால் கியூபிட். மூன்று, ஐந்து, ஏழு என்று பல நிலைகள் இருந்தால் அதற்குப் பெயர் கியூடிட்.

கியூடிட்டைப் புரிந்துகொள்ள ஸ்ரீரங்கம் போதும். கோயிலுக்கு ஏழு பிராகாரங்கள். ஒரு ஆள் ஏதாவது ஒரு பிராகாரத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டே கட்டளைகள். முதல் கட்டளை: அடுத்த பிராகாரத்துக்குப் போ, ஏழாவதில் இருந்தால் முதலாவதுக்குத் திரும்பு. இரண்டாவது கட்டளை: இருந்த இடத்திலேயே இரு, ஆனால் கையில் உள்ள கடிகார முள்ளை, நிற்கும் பிராகாரத்தின் எண்ணுக்கு ஏற்றபடி ஏழில் ஒரு பங்கு, ஏழில் இரண்டு பங்கு என்று திருப்பு. இப்போது இரண்டையும் வரிசை மாற்றிச் செய்து பாருங்கள். ஆள் நிற்கும் இடம் மாறாது, ஆனால் முள் ஏழில் ஒரு பங்கு தள்ளி நிற்கும்! அவ்வளவுதான். ஏழு நிலைக் குவாண்டம் அமைப்பின் மேல் செய்யக்கூடிய எல்லாச் செயல்களையும் இந்த இரண்டு கட்டளைகளின் பெருக்கலையும் கூட்டலையும் வைத்தே எழுதிவிடலாம்.

இந்த அணிகள் பழையவை. 1880-களில் சில்வஸ்டர் தொட்டிருக்கிறார், 1920-களின் கடைசியில் ஹெர்மன் வெயில் குவாண்டம் இயக்கவியலுக்குள் கொண்டுவந்தார். ஆனால் இவற்றை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்து, ஒரு இலக்கணமே எழுதியது சென்னையில் ஒரு கூட்டம். தலைவர் அல்லாடி ராமகிருஷ்ணன். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி அய்யரின் மகன்.

1957-58-ல் பிரின்ஸ்டனில் இருந்துவிட்டு வந்தவர், அதே மாதிரி ஒன்று சென்னையிலும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். பணம் இல்லை, கட்டிடம் இல்லை. மயிலாப்பூரில் சொந்த வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960-ல் நீல்ஸ் போர் வந்து பார்த்து, இந்தச் சிறு கூட்டத்தைப் பாராட்டிப் பேசிவிட்டார். விஷயம் நேரு வரை போனது. மாநில அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் கைகொடுத்தார். 1962 ஜனவரி 3-ஆம் தேதி மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் (எல்லோருக்கும் 'மேட்சயின்ஸ்') தொடங்கியது. தொடங்கி வைத்தவர் எஸ். சந்திரசேகர், அதாவது நம் திருவானைக்காவல் ராமனின் அண்ணன் மகன்.

பெரிய மனிதர்கள் சூழ்ந்த தொடக்கம் சரி, உள்ளே என்ன செய்தார்கள்? வர்த்தகம் படிக்கிறவர்கள் கேட்கும் கேள்வியையே கேட்போம்: முதலீடு இதோ, வரவு எங்கே? கரும்பலகை, சாக்பீஸ், நூலகம். ஆய்வுக்கூடமே கிடையாது. 1960-களின் பின்பாதியில் ராமகிருஷ்ணன் பிடித்த நூல் இது. பாலி, டிராக் ஆகியோரின் அணிகளை வர்க்கப்படுத்தினால் எளிமையான விடை வரும், இரண்டின் பெருக்கலை வரிசை மாற்றினால் குறி மட்டும் மாறும். வர்க்கத்துக்குப் பதிலாக மூன்றாம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு, எம்-ஆம் அடுக்கு என்று போனால்? அப்போது குறி மாறாது, மேலே சொன்ன கடிகார முள் ஒரு பங்கு திரும்பும். பொதுமைப்படுத்திய கிளிஃபோர்ட் இயற்கணிதம் என்று இதற்குப் பெயர். 1972-ல் டாடா மெக்ரா-ஹில் வெளியிட்ட 'எல்-மேட்ரிக்ஸ் தியரி' புத்தகம் இதன் விளைவு. அதே நிறுவனத்தின் சந்தானமும் தேக்குமல்லாவும் 1976-ல், எண்ணிக்கைக்கு உட்பட்ட நிலைகள் மட்டுமே கொண்ட குவாண்டம் இயக்கவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். குவாண்டம் கம்ப்யூட்டர் என்ற பேச்சே அப்போது சூடு பிடிக்கவில்லை.

2008-ல் ராமகிருஷ்ணன் காலமானார். ஆறு வருடம் கழித்து, 2014-ல், வரவுப் பக்கத்தில் ஒரு வரி விழுந்தது.

அந்த வருடம் பிரிஸ்டலில் பெருஸ்ஸோவும் கூட்டாளிகளும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அடிப்படை ரேலி, ரிட்ஸ் காலத்துச் சமாச்சாரம்: எந்த நிலையை உத்தேசமாக எடுத்தாலும் அதன் சராசரி ஆற்றல், உண்மையான குறைந்தபட்ச ஆற்றலுக்குக் கீழே போகாது. ஆகவே குமிழ்களைத் திருகிக்கொண்டே போ, ஆற்றல் குறையக் குறைய விடை நெருங்குகிறது. நிலையைத் தயாரித்து அளப்பது குவாண்டம் கருவி. குமிழை எந்தப் பக்கம் திருகலாம் என்று சொல்வது சாதாரண கம்ப்யூட்டர். அதே 2014-ல் ஃபார்ஹி, கோல்ட்ஸ்டோன், கட்மன் மூவரும் இதை ஆற்றலுக்குப் பதில் செலவுக் கணக்குக்குத் திருப்பினார்கள். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பரில் வரும் ஒதுக்கீட்டுக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்த ரகம்தான்.

பத்துக் கடைகள், ஏழு வீதிகள், ஒவ்வொரு கடைக்கும் ஒரு வீதி. சாத்தியங்கள் 28 கோடியே 24 லட்சத்துச் சொச்சம். 'இந்த வீதியா, ஆம் / இல்லை' என்று கியூபிட்டில் எழுதினால் 70 வேண்டும். ஒரே கடை இரண்டு வீதியில் உட்கார்ந்துவிடாமல் இருக்க அபராதம் வேறு போட வேண்டும். சிக்கனமாக எழுதினாலும் கடைக்கு மூன்று என்று 30, அப்போதும் எட்டாவதாக இல்லாத ஒரு வீதி வந்து நிற்கும். ஏழு நிலை கியூடிட் என்றால் பத்தே பத்து. தப்பான விடையை எழுதவே முடியாது. கடையை வீதி விட்டு வீதி நகர்த்திப் பார்க்கும் குமிழ் எது தெரியுமா? 'அடுத்த பிராகாரத்துக்குப் போ' என்கிற அதே அணி, அதன் தலைகீழ் அணியோடு கூட்டியது. செலவை எழுத அந்தக் கடிகார அணி.

2022-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில், மின்புலத்தில் சிறைப்பிடித்த கால்சியம் அயனிகளை வைத்துக் கியூடிட் கருவி ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். ஒரு அயனிக்கு ஏழு நிலைகள் வரை! ஸ்ரீரங்கத்துக் கணக்கு பொருந்தியது தற்செயல்தான், அதில் தெய்வ ரகசியம் தேட வேண்டாம்.

இன்றைய கருவிகளில் இரைச்சல் அதிகம். படிகள் கூடக்கூட ஒவ்வொன்றையும் பிழையில்லாமல் பிடித்து நிறுத்துவது கஷ்டம். குமிழ்கள் பெருகினால், எந்தப் பக்கம் திருகினாலும் செலவு அசையாத சமவெளியில் போய் மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. பத்துக் கடைக் கணக்கை ஒரு சாதாரண லேப்டாப்பே முடித்துவிடும். பெரிய கணக்குகளில் இந்த முறை அதை ஜெயிக்கும் என்பதற்கு இதுவரை நிரூபணம் இல்லை. 2023 ஏப்ரலில் மத்திய அரசு தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. மயிலாப்பூர் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் கேட்டது ஒரு கரும்பலகையும் நாலு புத்தகமும்.