‘தரத்தில் நம்பர் 1’ கார் ரிப்பேரே ஆகாதா? கார் ரேட்டிங்குகளை எவ்வளவு நம்பலாம்?

கார் விளம்பரத்தில் ‘தரத்தில் முதலிடம்’ என்று ஒரு முத்திரை. வெப்சைட்டில் 4.6 ஸ்டார். யூடியூபில் ‘இந்த வண்டிய கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்’ என்று ஒரு வீடியோ. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பலரும் ஷோரூமுக்குள் நுழைகிறார்கள். அங்கே கையெழுத்துப் போடும் லோன் 5 வருடம், சிலருக்கு 7 வருடம் ஓடும். ஆனால் அந்த முத்திரைகளில் சில, வண்டி வாங்கிய முதல் 90 நாள் அனுபவத்தை மட்டும் அளந்து கொடுக்கப்பட்டவை.

அப்படியென்றால் ரேட்டிங் எல்லாம் பொய்யா? இல்லை. ஒவ்வொரு ரேட்டிங்கும் ஏதோ ஒரு கேள்விக்கான பதில். அந்தக் கேள்வியும் நம்ம கேள்வியும் ஒன்றா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரேட்டிங்கில் எத்தனை வகை?

கார்களுக்குக் கொடுக்கப்படும் மதிப்பெண்களைப் பொதுவாக 4 வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஓட்டிப் பார்த்துச் சொல்லும் விமர்சனம். பிக்கப், பிரேக், சீட், சத்தம் எல்லாம் இதில் வரும். இரண்டாவது, மோதல் சோதனை ஸ்டார். மூன்றாவது, ‘வண்டி பிடிச்சிருக்கா, திரும்ப வாங்குவீங்களா’ என்று கேட்கும் திருப்தி சர்வே. நான்காவதுதான் நம்பகத்தன்மை. அதாவது, வண்டி எத்தனை முறை பழுதாகிறது, எந்தப் பாகம் பழுதாகிறது என்ற கணக்கு.

இந்தியாவில் அதிகம் குழப்பம் வருவது இரண்டாவது வகையில். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘பாரத் என்சிஏபி’ திட்டத்தில் 5 ஸ்டார் வாங்கிய கார் என்றால், விபத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு நல்ல பாதுகாப்பு தரும் என்று பொருள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அது முக்கியமான தகவல்தான். ஆனால் கியர்பாக்ஸ் எத்தனை வருடம் தாங்கும், ஏசி எப்போது மக்கர் பண்ணும் என்பதற்கும் அந்த ஸ்டாருக்கும் சம்பந்தமே இல்லை.

103 மார்க் வாங்கிய காருக்கு என்ன ஆனது?

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள 2015ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயம் போதும். அங்குள்ள ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ அமைப்பு டெஸ்லா மாடல் எஸ் பி85டி காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, 100க்கு 103 மதிப்பெண் பெறும் அளவுக்கு இருக்கிறது என்று ஆகஸ்ட் மாதம் அறிவித்தது. உலகமே பேசியது.

இரண்டே மாதம். அக்டோபரில் அதே அமைப்பு, மாடல் எஸ் காருக்கு அளித்துவந்த பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. சுமார் 1,400 ஓனர்களிடம் எடுத்த சர்வேயில், எதிர்பார்க்கப்படும் நம்பகத்தன்மை ‘சராசரியைவிட மோசம்’ என்று வந்ததே காரணம்.

இதில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. அதே காரை வைத்திருந்தவர்களில் 97 சதவீதம் பேர் ‘திரும்பவும் இதையே வாங்குவோம்’ என்றார்கள். ஒரே கார், ஒரே வருடம், ஒரே அமைப்பு. ஓட்டிப் பார்த்தால் 103, திருப்தியில் 97 சதவீதம், பழுதில் சராசரிக்கும் கீழே. மூன்றுமே உண்மைதான்! இதில் எதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள் என்பதை யோசித்துப் பார்த்தாலே போதும்.

100 கார்களுக்கு எத்தனை பிரச்னை?

கார் விளம்பரங்களில் அதிகம் அடிபடும் பெயர் ‘ஜே.டி. பவர்’. 1968இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இந்த ஆய்வு நிறுவனம் இந்தியச் சந்தையிலும் பல ஆண்டுகள் சர்வே நடத்தியிருக்கிறது.

இதன் இரண்டு ஆய்வுகள் முக்கியமானவை. ஒன்று ‘ஆரம்பத் தர ஆய்வு’. வண்டி வாங்கிய முதல் 90 நாளில் வந்த பிரச்னைகளை மட்டும் கணக்கெடுக்கும். இன்னொன்று ‘நீடித்த உழைப்பு ஆய்வு’. 3 வருடம் ஓடிய காரில், கடைசி 12 மாதங்களில் என்ன பிரச்னை வந்தது என்று கேட்கும். இரண்டிலும் அளவுகோல், 100 கார்களுக்கு எத்தனை பிரச்னை என்பதே. எண் குறைந்தால் நல்லது.

2024ஆம் ஆண்டு அமெரிக்க நீடித்த உழைப்பு ஆய்வில் முதலிடம் பிடித்த லெக்ஸஸுக்கு 135. ஒட்டுமொத்த சராசரி 190. பார்க்க பெரிய வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் ஒரு காருக்கு என்று வகுத்துப் பார்த்தால், முதலிடத்தில் 1.35 பிரச்னை, சராசரி காரில் 1.9 பிரச்னை. அதாவது இரண்டு காருக்குச் சேர்த்து ஒரு பிரச்னைதான் கூடுதல்.

அது என்ன பிரச்னை என்பதையும் கேட்க வேண்டும். அந்த ஆண்டு ஆய்வில் ஓனர்கள் அதிகம் புலம்பியது ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே இணைப்பு பற்றியும், குரல் கட்டளையைக் கார் சரியாகப் புரிந்துகொள்ளாதது பற்றியும்தான். பிரச்னைகளை எண்ணும் முறையில், போன் கனெக்ட் ஆகாததும் ஒன்று, கியர்பாக்ஸ் போனதும் ஒன்று. முதலாவதுக்குச் செலவு அநேகமாக ஒன்றும் இருக்காது. இரண்டாவது, குடும்ப பட்ஜெட்டையே கவிழ்த்துவிடும். பட்டியலில் கீழே இருக்கும் கார் நடுரோட்டில் நிற்கும் கார் என்று அர்த்தமில்லை. மேலே இருக்கும் காருக்குப் பெரிய செலவே வராது என்றும் அர்த்தமில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

எந்த ரேட்டிங்கைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஜே.டி. பவர் தன் ஆய்வுத் தகவல்களைக் கார் நிறுவனங்களுக்கு விற்கிறது. விருது வாங்கிய நிறுவனம் அதை விளம்பரத்தில் போட உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். இதனால் முடிவுகள் வளைக்கப்படுகின்றன என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிரிவுகள் அதிகமானால் விருதுகளும் அதிகமாகும் என்பதை வாங்குபவர் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் வேறு ரகம். 1936இல் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு. விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் கார்களையும் அடையாளம் காட்டாமல், சாதாரண வாடிக்கையாளர் போல டீலரிடம் காசு கொடுத்து வாங்குகிறது. இதன் சர்வேயில் இன்ஜின், கியர்பாக்ஸ், மின்சார கார் பேட்டரி போன்ற பெரிய பழுதுகளுக்கு அதிக வெயிட்டேஜ் உண்டு.

அதற்காக இதிலும் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. பதில் சொல்பவர்கள் அந்த அமைப்பின் உறுப்பினர்கள் மட்டுமே. புத்தம் புது மாடல் வரும்போது, அந்த நிறுவனத்தின் பழைய ரெக்கார்டை வைத்துத்தான் கணிக்க முடியும். ஒரு காலத்தில் டொயோட்டா புது மாடல் என்றாலே நல்ல மதிப்பீடு கிடைத்துவிடும். 2007இல் வி6 கேம்ரி உள்ளிட்ட சில மாடல்கள் சராசரிக்குக் கீழே போனதும், இனி டேட்டா இல்லாமல் டொயோட்டாவுக்கும் தானாகப் பரிந்துரை கிடையாது என்று அந்த அமைப்பே அறிவித்தது.

முடிவுகளும் வருடத்துக்கு வருடம் மாறும். மின்சார கார்களில் வழக்கமான கார்களைவிட 79 சதவீதம் அதிக பிரச்னைகள் என்று 2023இல் சொன்ன கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், 2024இல் அதை 42 சதவீதம் என்றது. பழைய ஸ்கிரீன்ஷாட்டை வைத்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம்.

ஜெர்மனியை உலுக்கிய மோசடி

சரி, நம்பிக்கையான அமைப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 2014இல் ஜெர்மனி மக்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள்.

ஏடிஏசி என்பது அந்நாட்டின் மிகப் பெரிய வாகன ஓட்டிகள் சங்கம். அப்போதே சுமார் 1.9 கோடி உறுப்பினர்கள். ‘மஞ்சள் தேவதை’ என்ற பெயரில் ஆண்டுதோறும் விருது வழங்கி வந்தது. ஜெர்மானியர்களுக்குப் பிடித்த காராக ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் தேர்வானது. கிடைத்த வாக்குகள் 34,299 என்று சொல்லப்பட்டது. உண்மையில் கிடைத்தது 3,409 மட்டுமே.

எண்ணிக்கையை ஊதிப் பெருக்கியதை ஒப்புக்கொண்டு சங்கத்தின் தகவல் தொடர்புத் தலைவர் பதவி விலகினார். அடுத்த மாதமே சங்கத் தலைவரும் ராஜினாமா செய்தார். பின்னர் நடந்த தணிக்கையில், வாக்கு எண்ணிக்கை மட்டுமல்ல, வரிசையே மாற்றப்பட்டது தெரியவந்தது. கார் நிறுவனங்கள் வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தன.

எத்தனை பேரிடம் கேட்டார்கள், எப்படி எண்ணினார்கள் என்பதை வெளியில் இருந்து யாரும் சரிபார்க்க முடியாத விருதை, எவ்வளவு பெரிய அமைப்பு கொடுத்தாலும் ஒரு படி குறைத்துத்தான் மதிப்பிட வேண்டும். இதுதான் அந்தச் சம்பவம் சொல்லும் பாடம்.

கருத்தைக் கேட்காமல் பழுதை எண்ணினால்?

அதே ஏடிஏசி, நடுவழியில் நின்றுபோய் உதவிக்கு அழைக்கும் வண்டிகளின் கணக்கையும் வெளியிடுகிறது. இங்கே யாருடைய அபிப்பிராயமும் தேவையில்லை. வண்டி நின்றது, மெக்கானிக் போனார், அவ்வளவுதான். ஆனால் கார் நிறுவனத்தின் சொந்த உதவி எண்ணுக்குப் போகும் அழைப்புகள் இந்தக் கணக்கில் வராமல் போகலாம்.

இன்னொன்று டியூவ் அறிக்கை. ஜெர்மனியில் புதிய கார் 3 வருடத்தில் முதல் முறையும், பிறகு 2 வருடத்துக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதில் எத்தனை கார்களில் பெரிய குறை இருந்தது என்பதுதான் இந்தப் பட்டியல். 2024 அறிக்கையில் 2 முதல் 3 வயதுள்ள கார்களில் டெஸ்லா மாடல் 3, 14.7 சதவீதத்துடன் கடைசி இடத்தில் இருந்தது. ஆனால் இந்தப் பரிசோதனை பார்ப்பது பிரேக், லைட், சஸ்பென்ஷன் போன்ற பாதுகாப்பு விஷயங்களை. டச் ஸ்கிரீன் வேலை செய்கிறதா என்பதை அல்ல.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கே சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்குப் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதைப் புதுப்பிக்கும்போதுதான் எஃப்.சி. அதனால் 3 வயது, 5 வயது கார்களின் நிலையைக் காட்டும் அரசுத் தகவல் என்று ஒன்று உருவாகவே வழியில்லை. மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு மட்டும்தான் முதல் 8 வருடம் 2 வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி.

வெளிநாட்டு ரேட்டிங்கை அப்படியே இங்கே பொருத்துவதும் கஷ்டம். ஒரே பெயரில் விற்றாலும் இன்ஜின், கியர்பாக்ஸ், பெட்ரோல், வெயில், ரோடு எல்லாமே வேறு.

பிராண்ட் பெயரை மட்டும் நம்புவதிலும் சிக்கல் உண்டு. டொயோட்டா கிளான்சா என்பது மாருதி சுசுகி பலேனோவின் மறுபெயர் வடிவம். தயாரிப்பதும் சுசுகிதான். இந்த இரண்டுக்கும் ஒரு சர்வேயில் வேறு வேறு மதிப்பெண் வந்தால், அது பெரும்பாலும் எதிர்பார்ப்பையும் சர்வீஸ் அனுபவத்தையும் காட்டுகிறதே தவிர, இன்ஜினை அல்ல.

ரீகால் கணக்கு உதவும். குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுவதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. ஆனால் ரீகால் அதிகம் என்றால் மோசமான நிறுவனம் என்று முடிவு கட்டக் கூடாது. 2021 செப்டம்பரில் மாருதி 1,81,754 பெட்ரோல் கார்களை அழைத்து, மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைச் சோதித்து இலவசமாக மாற்றித் தந்தது. குறையை ஒத்துக்கொண்டு சரிசெய்வது ஒரு வகையில் நல்ல அறிகுறிதான். வாங்கப் போகும் மாடலில் எந்தப் பாகத்துக்கு ரீகால் வந்தது, அது சரிசெய்யப்பட்டதா என்பதே முக்கியம்.

ஆன்லைன் ஸ்டார்களின் கதை தனி. வண்டி டெலிவரி எடுத்த சந்தோஷத்தில் 5 ஸ்டார், பிரேக்டவுன் ஆன கோபத்தில் 1 ஸ்டார். நடுவில் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எதுவும் எழுதுவதில்லை. போலி விமர்சனங்களைக் கட்டுப்படுத்த இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ‘ஐஎஸ் 19000’ என்ற தரநிலையை வெளியிட்டது. இருந்தாலும், 6 மாதத்துக்குக் குறைவாக ஓட்டியவர்களின் ரிவ்யூவை நம்பகத்தன்மைக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கார் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* விளம்பரத்தில் விருதுக்குக் கீழே உள்ள குட்டி எழுத்தைப் படியுங்கள். எந்த நாடு, எந்த வருடம், 90 நாளா 3 வருடமா, எந்தப் பிரிவு என்று அதில்தான் இருக்கும்.

* எத்தனை ஓனர்களிடம் கேட்டார்கள் என்று பாருங்கள். 50 பேரிடம் கேட்ட சர்வேயில் 3 பேர் பதிலை மாற்றினாலே 6 சதவீதம் மாறிவிடும்.

* ரேங்கை விட்டுவிட்டு, எந்தப் பாகம் பழுதாகிறது என்று தேடுங்கள். புளூடூத் புகாரை மன்னிக்கலாம், கியர்பாக்ஸ் புகாரை மன்னிக்க முடியாது.

* பிராண்டைப் பார்க்காமல், நீங்கள் வாங்கும் இன்ஜின், கியர்பாக்ஸ் காம்பினேஷனைப் பற்றி விசாரியுங்கள்.

* முற்றிலும் புதிய மாடல் என்றால், அவசரம் இல்லாதவர்கள் ஒரு வருடம் பொறுத்திருக்கலாம்.

* அதே காரை 3, 4 வருடம் ஓட்டியவரிடம் சர்வீஸ் பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். டாக்ஸியாக ஓடும் மாடல் என்றால் டிரைவரிடமே பேசுங்கள். 1 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியின் கதை அவருக்குத் தெரியும்.

* வாரண்டியை ஒப்பிடுங்கள். 2 வருடம் அல்லது 40,000 கி.மீ என்று இருந்ததை 2024 ஜூலையில் மாருதி 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ என உயர்த்தியது. வாரண்டி காலத்தில் பழுதானால் செலவு நிறுவனத்துக்கு. அதனால் விருதைவிட இது கனமான வாக்குறுதி. கிளட்ச், பிரேக் பேட் போன்ற தேய்மானப் பாகங்களுக்கு என்ன விதி என்பதையும் கேட்டுவிடுங்கள்.

* வாங்கிய பிறகு பிரச்னை வந்து டீலர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் அளிக்கலாம்.

மொத்தத்தில், பல வருடமாக, பல இடங்களில், ஒரே மாடல் தொடர்ந்து மோசமாக வந்தால் அதை நம்பலாம், தவிர்த்துவிடலாம். பட்டியலில் 3ஆம் இடமா 7ஆம் இடமா என்பதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் ஊரில் நல்ல சர்வீஸ் சென்டரும், சீக்கிரம் கிடைக்கும் ஸ்பேர் பார்ட்ஸும் இருக்கிறதா என்பது அந்த 4 இடத்து வித்தியாசத்தைவிட முக்கியம்.