ஆங்கில இலக்கியம் சர்வகலாசாலை ஏறிய கதை

ஆங்கில இலக்கியத்தை ஆங்கிலேயரின் பழம்பெருஞ் சர்வகலாசாலைகள் நெடுங்காலம் ஒரு பாடமாகவே மதிக்கவில்லை என்றால் நம்மவருட் பலர் நம்பார். ஷேக்ஸ்பியரும் மில்ற்றனும் பிறந்த நாட்டிலே, அவர்களைக் கற்றுப் பட்டம் பெறும் வழி ஒக்ஸ்போட்டில் 1894ஆம் ஆண்டு வரை இருக்கவில்லை. கேம்பிரிட்ஜில் அது தனித்துறையாக நிலைபெற 1917ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1857இல், சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாய் வெளிவந்த இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர். அவர்கள் ஆங்கில மொழியிலேயே பரீட்சைக்குத் தோற்றித் தேறியவர்கள். இம்முரண்பாடு எவ்வாறு நிகழ்ந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பழைய ஒக்ஸ்போட்டிலும் கேம்பிரிட்ஜிலும் கல்வி என்றாற் கிரேக்கமும் இலத்தீனுமே. ஹோமரையும் வேர்ஜிலையும் வரிவரியாக உரைகாண்பவன் கற்றவன். தன் தாய்மொழிக் கவிதையைப் படிப்பவன் பொழுதுபோக்குகிறவன். நெருப்பருகே நாற்காலியில் அமர்ந்து எவரும் தாமே படித்துக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு ஆசிரியர் எதற்கு, பரீட்சை எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். வீட்டிலே பேசும் மொழிக்கு வித்துவப் பட்டமா என்று நம் நாட்டிலும் சிலர் தமிழைக் குறித்துக் கேட்டதுண்டன்றோ? ஆகவே அக்கேள்வி ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று.

இப்பாடம் முதன்முதலில் முளைத்தது இங்கிலாந்தில் அன்று, ஸ்கொத்லாந்தில். 1707இல் இரு நாடுகளும் ஒரே பாராளுமன்றத்தின் கீழ் இணைந்த பின்னர், இலண்டனுக்குச் சென்று முன்னேற விரும்பிய ஸ்கொத்லாந்துக்காரருக்குத் தம் பேச்சு வழக்கைப் பற்றி ஒரு கூச்சம் இருந்தது. நல்ல ஆங்கிலம் எது, நல்ல நடை எது என்று கற்றுக்கொள்ளும் வேட்கை எழுந்தது. பொருளியல் அறிஞராகப் பின்னர் புகழ்பெற்ற அடம் ஸ்மித் என்பார் 1748 முதல் எடின்பரோவில் இவ்விடயமாகப் பிரசங்கங்கள் நிகழ்த்தினார். 1762இல் அந்நகர்ச் சர்வகலாசாலை, அணியியலும் நல்லிலக்கியமும் கற்பிப்பதற்கென ஒரு பேராசிரியர் பதவியை நிறுவி ஹியூ பிளேயர் என்னும் மதகுருவை அதில் அமர்த்தியது. 1783இல் அச்சேறிய அவருடைய விரிவுரைகள் அமெரிக்கக் கல்லூரிகளிலும் நெடுநாட் பாடநூலாய் விளங்கின.

இங்கிலாந்தின் தலைநகரில் வேறு காரணம். ஒக்ஸ்போட்டிற் சேரவும் கேம்பிரிட்ஜிற் பட்டம் பெறவும் இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைக்குக் கைச்சாத்திட வேண்டும் என்னும் விதி இருந்தது. அதனாற் பிற சபைக் கிறிஸ்தவர், கத்தோலிக்கர், யூதர் யாவரும் வெளியே நின்றனர். அவர்களுக்காக மதச் சோதனை இல்லாத ஒரு கல்லூரி 1826இல் இலண்டனில் நிறுவப்பட்டது. 1828இல் வகுப்புகள் தொடங்கியபோது ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் ஒரு பேராசிரியர் அங்கே இருந்தார். தோமஸ் டேல் என்பது அவர் பெயர். கதவு அடைக்கப்பட்டவர்களுக்காகத் திறந்த கல்லூரியிலே, கதவு அடைக்கப்பட்ட பாடமும் இடம்பெற்றது.

இனி இந்தியாவுக்கு வருவோம். 1813இல் கிழக்கிந்தியக் கும்பனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது, இந்திய மக்களின் கல்விக்காக ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறையாமற் செலவிட வேண்டும் என விதிக்கப்பட்டது. அப்பணத்தைச் சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் செலவிடுவதா, ஆங்கிலத்துக்குச் செலவிடுவதா என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாதம் நடந்தது. 1835ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் மெக்காலே எழுதிய குறிப்பு அவ்வாதத்தை முடித்துவைத்தது. தமக்குச் சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டபின், அம்மொழிகளின் நூல்கள் அனைத்தையும் ஐரோப்பிய நூல்கள் சிலவற்றுக்கு ஈடில்லை எனத் தள்ளுகிறார்! படியாத நூலுக்கு மதிப்புரை எழுதும் வழக்கம் பத்திரிகைக்காரருக்கு மட்டும் உரியதென்று எவரும் எண்ணற்க.

இவ்விடத்தில் நம் வாசகர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்தியாவில் மத விடயத்தில் நடுநிலை வகிப்பதாகக் கும்பனி அரசாங்கம் கூறிக்கொண்டது. ஆகவே அரசாங்கக் கலாசாலைகளில் விவிலியத்தைப் போதிக்க இயலவில்லை. ஆயினும் ஆளப்படுவோர் மனத்திலே ஆள்வோரின் ஒழுக்கமும் உயர்வும் பதியவேண்டும். விவிலியம் செய்யவேண்டிய அவ்வேலையை மில்ற்றனும் பேக்கனும் ஷேக்ஸ்பியரும் செய்தனர் என்பது, இத்துறை வரலாற்றை நுணுகி ஆராய்ந்து கௌரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட நூலின் முடிபு. தன் சொந்த நாட்டிலே பாடமாகாத இலக்கியம் குடியேற்ற நாட்டிலே ஆட்சிக் கருவியாய் முதலிற் பாடமாயிற்று என்பது இதனாற் பெறப்படும். இம்முடிபை முற்றாக ஏற்காதவரும் உளர். எனினும் காலவரிசை அதற்குச் சான்றாக நிற்கிறது.

இந்தியாவிற் கற்பித்த பாடம் இலண்டனுக்குத் திரும்பிச் சென்றது எனலாம். இந்தியச் சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை வைக்கத் தீர்மானித்தபோது, அதன் திட்டத்தை வகுத்த குழுவுக்கும் மெக்காலேயே தலைவர். 1854ஆம் ஆண்டு அறிக்கையிற் பரிந்துரைத்த மொத்தப் புள்ளிகள் 6875. அவற்றுள் ஆங்கிலக் கட்டுரை, வரலாறு, இலக்கியம் மூன்றுக்கும் 1500. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. இந்தியாவை ஆளப் போகிறவனுக்கு இந்திய மொழியினும் இங்கிலாந்தின் இலக்கியமே வேண்டும் என்பது கணக்கு. எப்படியாயினும், புள்ளி கிடைக்கும் பாடத்தை இளைஞர் தேடிப் படிப்பர். உத்தியோகம் கொடுக்கும் பாடமாக ஆங்கில இலக்கியம் அன்று முதல் உயர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் இது வேறு வழியாக வந்தது. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் அங்கே கற்பிக்கப்பட்டன, தமிழும் கைவிடப்படவில்லை. 1855இல் அது மூடப்பட்டது. அங்கே கற்றவர்களுள் இருவரே, முதலிற் கூறிய சென்னைப் பட்டதாரிகள்: கறல் விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும். தாமோதரம்பிள்ளை அவர்கள் பட்டத்தாற் பெற்ற பதவியில் உயர்ந்தார். உயர்ந்தவர், செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். குமாஸ்தாக்களை உண்டாக்குவதற்கு வகுத்த கல்வி இப்படியும் ஒருவரை உண்டாக்கிற்று. ஆங்கிலம் படித்தவன் தமிழை மறப்பான் என்று பெரியோர் சிலர் கூறும்போது நான் நினைப்பது இவரையே. மறந்தவர்களும் பலர் உளர் என்பதை மறுப்பதற்கில்லை.

இனி ஒக்ஸ்போட்டில் நடந்த போரைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1885இல் மேர்ட்டன் கல்லூரியின் பேரால் ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் ஒரு பேராசிரியர் பதவி தோன்றியது. இலக்கியவாதிகள் மகிழ்ந்தனர், ஆனாற் பதவி கிடைத்தது பழைய ஆங்கில மொழியை ஆராயும் நேப்பியர் என்னும் மொழிநூலாருக்கு. ஏமாற்றமடைந்தவர்களுள் ஜோன் சேட்டன் கொலின்ஸ் என்பவர் பத்திரிகைகளிலே பெருங் கிளர்ச்சி செய்தார். 1887இல் ஆங்கிலத்துக்குத் தனித்துறை வேண்டும் என்னும் பிரேரணை தோல்வியுற்றது. எதிர்த்தவர்களில் முதல்வர் வரலாற்றுப் பேராசிரியர் எட்வேட் ஃப்ரீமன். அவர் வாதம் எளிது: இரசனையைப் பரீட்சிக்க முடியாது, மொழியைப் பரீட்சிக்கலாம், மொழியை விட்டாற் கவிஞரின் குடும்பச் சங்கதிகளைப் பற்றிய வம்பளப்பே எஞ்சும். மற்றொரு சாரார் இன்னும் இழிவாக, இது பெண்களுக்கும், பள்ளிக்கூட வாத்தியாராகப் போகும் இரண்டாந்தர மாணாக்கருக்கும் ஏற்ற பாடம் என்றனர். அப்பெண்களோ, பாடம் தொடங்கியதும் பெருந்தொகையாய்ச் சேர்ந்து தேறினர். அவர்களுக்குப் பட்டம் கொடுக்க ஒக்ஸ்போட் 1920 வரை தாமதித்தது, கேம்பிரிட்ஜ் 1948 வரை!

ஃப்ரீமனின் வாதத்தை நகைத்துத் தள்ளிவிட முடியாது. ஒரு செய்யுளை உணர்ந்தவனையும், உணர்ந்தவன்போல எழுதுகிறவனையும் விடைத்தாளிற் பிரித்தறிவது எவ்வாறு? இக்கேள்விக்கு அன்று ஒருவரும் நேரே விடை கூறவில்லை. சமரசமே செய்தனர். 1894இல் ஆங்கிலத்துறை அமைந்தபோது, இரசனைக்குப் பிணையாகப் பழைய ஆங்கில மொழி பெரும் பங்கைப் பிடித்துக்கொண்டது.

கேள்விக்கு விடை தேட முயன்றது கேம்பிரிட்ஜ். பத்திரிகை முதலாளி ஒருவர் அளித்த கொடையால் அங்கே ஆங்கில இலக்கியத்துக்கென ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டது. 1912இல் அதிலமர்ந்தவர் கதாசிரியரான குயிலர்-கூச். முதலாம் உலக யுத்தத்தின் நடுவில், ஜேர்மனியரின் மொழிநூல் முறையிற் பலருக்கு வெறுப்பு மூண்டிருந்த வேளையிலே, 1917இற் புதிய துறை உருவாயிற்று. அங்கே விரிவுரையாளராய் இருந்த ஐ. ஏ. றிச்சர்ட்ஸ் ஒரு சோதனை செய்தார். பதின்மூன்று கவிதைகளை, எழுதியவர் பெயரையும் காலத்தையும் மறைத்து மாணாக்கரிடம் கொடுத்துக் கருத்தெழுதச் சொன்னார். பெரும்புலவர் கவிதை சிலவற்றை மாணாக்கர் இகழ்ந்தனர். பெயரில்லாதார் பாட்டைப் புகழ்ந்தனர். 1929இல் அவ்விடைகளை அவர் ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். நம் சங்கத்தார் ஒரு மாலைப்பொழுதில் இச்சோதனையைத் தமிழ்ப் பாட்டுக்களைக் கொண்டு செய்துபார்க்கலாம். கம்பன் பெயரை மறைத்தபின் கம்பனுக்கு எத்தனை கை தட்டப்படும் என அறிய எனக்கு ஆவல் உண்டு.

இலங்கையிற் கொழும்புச் சர்வகலாசாலைக் கல்லூரி 1921இல் திறக்கப்பட்டது. தன் பெயராற் பட்டம் கொடுக்கும் உரிமை அதற்கில்லை. இலண்டன் சர்வகலாசாலையின் வெளிவாரிப் பரீட்சைக்கே மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. பாடத்திட்டம் இலண்டனில் வகுத்தது. ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவன், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அங்கிலோ-சக்சன் மொழியையும் படித்தாக வேண்டும். பனங்கூடலிடையே வளர்ந்த பிள்ளை, பனிக்கடல் வீரரின் பாட்டுக்குப் பதவுரை எழுதப் பழகினான்! 1942இல் இலங்கைச் சர்வகலாசாலை தோன்றி இந்நிலை மாறியது. 1936 முதல் 1956 வரை ஆங்கிலப் பேராசிரியராய் இருந்த லுடொவைக், காலியிற் பிறந்தவர், கேம்பிரிட்ஜிற் கற்றவர். பாடத்தோடு நில்லாது சர்வகலாசாலை நாடகச் சங்கத்தின் மூலம் மாணாக்கரை மேடையேற்றினார்.

ஆங்கில இலக்கியத்திற் பட்டம் பெறாமலே அதனாற் பயன்கொண்ட ஒருவரையும் குறிப்பிட வேண்டும். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி' என்னும் நாடக ஆராய்ச்சி நூலிலே, ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பன்னிரண்டை எடுத்து, வடமொழி தென்மொழி நாடக இலக்கணத்தோடு வைத்து நோக்கினார். ஆங்கிலேயர் தம் கவிஞனை எடுத்துவந்தது நம்மை அளப்பதற்கு; அடிகளாரோ நம் அளவுகோலைக் கொண்டு அக்கவிஞனை அளந்தார். 1943இல் இலங்கைச் சர்வகலாசாலையின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அவர் அமர்ந்தபோது, அளவுகோல் சரியான கையிலே இருந்தது என்பேன்.

பிற்காலத்தில் இத்துறைக்கு ஒரு கிளை பிறந்தது. பிறர் எழுதியதைப் படிப்பது போலவே தாமே எழுதுவதற்கும் பட்டம் வழங்கலாயினர். அமெரிக்காவின் ஐயோவாச் சர்வகலாசாலை 1936இல் எழுத்தாளர் பட்டறையைத் தொடங்கியது. இங்கிலாந்தில் கிழக்கு அங்கிலியாச் சர்வகலாசாலை 1970இல் பின்பற்றியது. எழுத்துக்குப் பட்டம் வேண்டுமா என்று கேட்பவர்கள், வாசிப்புக்குப் பட்டம் வேண்டுமா என்று கேட்டவர்களின் வழித்தோன்றல்களே.

முடிவாக, 1968ஆம் ஆண்டுச் செய்தி இரண்டு. கென்யாவின் நைரோபியில் நுகுகி என்னும் எழுத்தாளரும் நண்பர் இருவரும், ஆங்கிலத்துறையை ஒழித்து ஆபிரிக்க இலக்கியத்தை நடுவில் வைத்துப் பிற இலக்கியங்களை அதைச் சூழ வைக்கவேண்டும் எனச் சர்வகலாசாலைக்கு எழுதினர். பின்னர் அத்துறை 'ஆங்கிலம்' என்னும் அடைமொழியை விட்டு இலக்கியத்துறை ஆயிற்று. அதே ஆண்டில், பேராதனையிற் கற்று அங்கேயே ஆசிரியராய் இருந்த யஸ்மின் குணரத்தின, 1815 முதல் 1878 வரை இலங்கையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். இலண்டன் வகுத்த பாடத்திட்டத்தில் அந்த இலங்கை எழுத்துக்களுக்கு ஒரு வரியும் இருந்ததில்லை.