ஓரத்தில் நின்றவர்

கத்தரிக்கோல் நல்ல கருவி. தையற்காரருக்கும் பத்திரிகாசிரியருக்கும் அது இல்லாமல் காரியம் நடக்காது. கதை எழுதுகிற எனக்கும் அதன் அருமை தெரியும். பத்துப் பக்கத்தில் மூன்றை வெட்டி எறிந்த பிறகுதான் மீதி ஏழுக்கு உயிர் வருகிறது. ஆனால் புகைப்படத்தை வெட்டுகிற விஷயம் சற்று வேறு. கதையில் நான் வெட்டுவது நானே படைத்த ஆசாமியை. புகைப்படத்தில் வெட்டுப்படுகிறவரோ நிஜமாகவே அங்கே நின்றவர்.

வெட்டவே கூடாது என்று ஒரு கட்சி உண்டு. பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் அந்தக் கட்சிக்காரர். 1950-இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களையும், புதுச்சேரியில் அரவிந்தரையும் படமெடுத்தவர். காமிராவின் விசையை அழுத்தும் கணத்திலேயே படம் முழுமை பெற வேண்டும். பிறகு இருட்டறையில் ஓரங்களை நறுக்கிச் சரிக்கட்டுவது ஆகாது என்பது அவர் கொள்கை. ஆயினும் அவருடைய மிகப் பிரசித்தமான படங்களில் ஒன்று வெட்டிய படமே! 1932-இல் பாரிஸில், ஸேன் லஸார் ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிக் கிடந்த நீரை ஒருவர் தாவுகிறார். பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்த படம். லென்ஸ் முழுவதும் நுழைய இடமில்லாததால் இடது பக்கத்தைப் பலகை மறைத்துவிட்டது. அதை அவர் நீக்கினார். போனது ஒரு பலகை, யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொரு வெட்டைப் பாருங்கள். இதில் போனது ஒரு மனிதர்.

1960 மார்ச் 4 அன்று ஹவானா துறைமுகத்தில், வெடிமருந்து ஏற்றி வந்த 'லா கூப்ர்' என்ற பிரெஞ்சுக் கப்பல் வெடித்துப் பலர் மாண்டார்கள். மறுநாள் இரங்கல் கூட்டம். மேடையின் விளிம்புக்குச் சில கணங்கள் வந்து நின்றார் சே குவேரா. கீழே இருந்த ஆல்பெர்ட்டோ கோர்டா சட்டென்று படமெடுத்தார். அதில் இடது ஓரத்தில் இன்னொருவரின் பக்கவாட்டு முகம்; வலது ஓரத்தில் பனை ஓலைகள். அடுத்த நாள் செய்தித்தாளில் படத்துக்கு இடம் கிடைக்கவில்லை. கோர்டா இரண்டு ஓரங்களையும் நீக்கிவிட்டு, சேயின் முகத்தை மட்டும் தம் ஸ்டூடியோச் சுவரில் மாட்டிக்கொண்டார். 1967-இல் இத்தாலியப் பதிப்பாளர் ஃபெல்ட்ரினெல்லிக்குப் பிரதி கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று பொலிவியாவில் சே கொல்லப்பட்டதும் அந்த முகம் சுவரொட்டியாக உலகமெங்கும் பரவியது. நம் ஊர் இளைஞர்களின் பனியனில் இருப்பதும் அதே முகந்தான்.

கலை என்ற அளவில் அந்த வெட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓரங்கள் இருந்தவரையில் அது ஒரு கூட்டத்தின் படம். அவை போனதும் ஊரும் தேதியும் அற்ற ஒரு வீரனின் முகம்.

ஓரத்தில் நின்றவர் யார்? ஹோர்ஹே மாஸெட்டி. சேயைப் போலவே அர்ஜென்டினாக்காரர். 'பிரென்ஸா லத்தீனா' என்ற கியூபச் செய்தி நிறுவனத்தின் முதல் தலைவர். பின்னால் சேயின் திட்டத்தின்படி அர்ஜென்டினாவின் வடக்குக் காடுகளுக்குள் ஒரு சிறு படையை நடத்திச் சென்றார். பசியும் நோயும் படையைத் தின்றன. கட்டுப்பாடு குலைந்ததென்று தங்கள் தோழர்கள் இருவரையே சுட்டுக் கொன்றார்கள். 1964-இல் மாஸெட்டி காட்டுக்குள் மறைந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை. பனியனில் இருக்கும் முகத்துக்கு எவ்வளவு விலை கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லக்கூடிய மனிதர் அந்த ஓரத்தில்தான் இருந்தார்.

கோர்டா அவரை மறைக்க நினைத்து வெட்டவில்லை. மறைப்பதற்கென்றே செய்ததும் சரித்திரத்தில் உண்டு. 1920 மே 5 அன்று மாஸ்கோவில் லெனின் பேசும் படத்தில், மேடைப் படியில் டிராட்ஸ்கியும் காமெனேவும் நிற்கிறார்கள். பிற்காலத்துச் சோவியத் பிரசுரங்களில் அவர்களைக் காணோம். அங்கே கத்தரி செய்தது கலையல்ல, பொய்சாட்சி.

ஆகவே எப்போது வெட்டலாம் என்று என்னைக் கேட்டால், நீக்கிய துண்டை யாராவது திரும்பக் கொண்டுவந்து ஒட்டினால் நமக்கு வெட்கம் வராது என்கிறபோது வெட்டலாம் என்பேன். எப்படி வெட்டினாலும் முழு நெகடிவைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கோர்டாவின் முழு நெகடிவ் அழியாமல் இருந்ததால்தான், காட்டில் தொலைந்த மாஸெட்டியை அந்த மார்ச் மாத மேடையிலாவது நாம் பார்க்க முடிகிறது.